புயல் வரும் கரையில் வீட்டுக் காப்பீடு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

வீட்டுக் காப்பீடு குறித்துச் சென்ற இதழில் ஒரு சிறு குறிப்பு எழுதியிருந்தோம். அதைத் தொடர்ந்து வந்த கடிதங்களில் பெரும்பாலானவை வெப்பமண்டலக் கடலோரங்களில், ஆண்டுதோறும் புயலை எதிர்பார்த்தே வாழும் வாசகர்களுடையவை. அவற்றிலிருந்து சில கேள்விகளை இங்கே எடுத்துக்கொள்கிறோம். முதல் கேள்விக்கு நீண்ட பதில் தேவைப்படுகிறது. அது தெளிவானால் மற்றவற்றுக்கு வழி எளிதாகும்.

கேள்வி: கடற்கரையிலிருந்து அதிகத் தொலைவில்லாத இடத்தில் வீடு கட்டிப் பன்னிரண்டு ஆண்டுகளாகக் குடியிருக்கிறோம். ஒவ்வோர் ஆண்டும் தவறாமல் பிரீமியம் கட்டியிருக்கிறோம். ஒரு முறைகூட இழப்பீடு கேட்க நேரவில்லை. இந்த ஆண்டு பிரீமியத்தை மேலும் உயர்த்திவிட்டார்கள். அந்தப் பணத்தை வங்கியில் போட்டுவைத்து, புயல் வந்தால் நாங்களே செலவு செய்துகொள்ளக் கூடாதா? புயல் அடிக்கடி வரும் பகுதியில் வீட்டுக் காப்பீடு உண்மையிலேயே பயன் தருமா?

பதில்: பன்னிரண்டு ஆண்டுகள் கட்டிய தொகையைக் கூட்டிப் பார்க்கும்போது ஏற்படும் வருத்தம் இயல்பானது. ஆனால் கட்டியது திரும்ப வந்ததா என்று கணக்குப் பார்த்தால் காப்பீடு எப்போதும் தோற்றுத்தான் போகும். ஒரு நிறுவனம் எல்லா வாடிக்கையாளர்களிடமும் வாங்கும் பிரீமியத்தில் இழப்பீட்டுடன் அலுவலகச் செலவு, முகவர் கமிஷன், லாபம் ஆகியவையும் அடங்கியிருப்பதால், நீண்ட காலச் சராசரியில் மக்கள் கட்டுவது அதிகமாகவும் பெறுவது குறைவாகவும்தான் இருக்கும். இதை மறைத்துப் பேசுவதில் பயனில்லை. வீடு முற்றிலும் அழிந்தால், உங்கள் சேமிப்பையும் வருமானத்தையும் மட்டும் கொண்டு, பிள்ளைகளின் படிப்பையோ முதுமைக்கு ஒதுக்கியதையோ தொடாமல், அதை மறுபடி கட்ட உங்களால் முடியுமா என்பதே பார்க்க வேண்டியது. முடியும் என்றால் காப்பீடு உங்களுக்கு ஒரு வசதி மட்டுமே. முடியாது என்றால், நான் அதைத் தேவை என்றே சொல்வேன்.

வங்கியில் சேர்த்துவைக்கலாமே என்ற யோசனையைக் கணக்குப் போட்டே பார்ப்போம். உங்கள் பகுதியில் வீடுகளை இடிக்கும் அளவுக்குக் கடுமையான புயல் சராசரியாக ஐம்பது ஆண்டுகளுக்கு ஒரு முறை வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அதாவது எந்த ஓர் ஆண்டிலும் அது வருவதற்கான வாய்ப்பு நூற்றுக்கு 2. கேட்பதற்கு மிகச் சிறியதாகத் தோன்றும் இந்த எண், முப்பது ஆண்டுகள் ஒரே வீட்டில் வாழ்பவருக்கு, அந்தக் காலத்துக்குள் ஒரு முறையாவது அத்தகைய புயலைச் சந்திக்கும் வாய்ப்பு நூற்றுக்கு 45 என்று வளர்ந்துவிடுகிறது. நூறு ஆண்டுகளுக்கு ஒரு முறை வரும் புயலாக இருந்தால்கூட அதே முப்பது ஆண்டுகளில் வாய்ப்பு நூற்றுக்கு 26. மேலும், உங்கள் சேமிப்பு நிறையும்வரை புயல் காத்திருக்காது. சேமிக்கத் தொடங்கிய மூன்றாம் ஆண்டில் அது வந்தால் கையில் இருப்பது மூன்று ஆண்டுப் பிரீமியம் மட்டுமே. பாலிசி இருந்தால் முதல் ஆண்டிலேயே முழுக் காப்பீட்டுத் தொகைக்கும் உரிமை உண்டு. பன்னிரண்டு ஆண்டுகள் புயல் வராததால் பதின்மூன்றாம் ஆண்டில் அது வரும் வாய்ப்பு கூடவுமில்லை, குறையவுமில்லை.

பிரீமியத்தை மேலும் உயர்த்திவிட்டார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அது ஏன் இவ்வளவு ஏறுகிறது என்று பார்ப்போம். தீ விபத்தில் ஒரு வீடு எரிந்தால் அடுத்த தெரு தப்பிக்கும். அந்த ஒரு வீட்டின் இழப்பை மற்ற ஆயிரம் வீடுகளின் பிரீமியம் தாங்கிவிடும். புயல் அப்படியல்ல, ஒரே இரவில் அந்த ஆயிரம் வீடுகளையும் சேர்த்தே தாக்குகிறது. 1992 ஆகஸ்டில் ஆண்ட்ரூ சூறாவளி அமெரிக்காவின் தெற்கு புளோரிடாவைத் தாக்கியபோது, காப்பீட்டு நிறுவனங்கள் ஏற்க வேண்டிய இழப்பு மட்டும் 1,500 கோடி டாலரைத் தாண்டியது. பல நிறுவனங்கள் திவாலாயின. அத்தகைய இரவுக்காக நிறுவனங்கள் தாங்களே உலகளாவிய மறுகாப்பீட்டு நிறுவனங்களிடம் காப்பீடு வாங்கிக்கொள்கின்றன. உலகின் எங்கோ பெரும் புயல்கள் வந்து அந்த மறுகாப்பீட்டின் விலை ஏறினால், உங்கள் ஊரில் இலைகூட அசையாத ஆண்டிலும் உங்கள் பிரீமியம் ஏறக்கூடும். இது உங்களுக்கு அநீதியாகத் தெரியலாம். ஆனால் அந்த ஏற்பாடு இல்லாத நிறுவனத்திடம் பாலிசி வைத்திருப்பது அதைவிட ஆபத்தானது.

இனி, சேமிப்பா காப்பீடா என்று இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை. நாலைந்து ஓடுகள் பறந்தன, ஒரு சன்னல் உடைந்தது என்பன போன்ற சிறிய சேதங்களை உங்கள் சேமிப்பு தாங்கட்டும். வீடே போனது என்ற நிலையைப் பாலிசி தாங்கட்டும். நடைமுறையில், ஒவ்வோர் இழப்பிலும் நீங்களே ஏற்க வேண்டிய முதல் பகுதியை, அதாவது டிடக்டிபிள் என்று சொல்லப்படும் தொகையை, உயர்த்திக்கொண்டால் பிரீமியம் குறையும். குறைந்ததை வங்கியில் போட்டு, அந்த முதல் பகுதியைக் கட்டும் அளவுக்கு ஒரு நிதியை எப்போதும் தயாராக வைத்திருங்கள். பிரீமியம் உயர்ந்த ஆண்டில் பாலிசியையே கைவிடுவதற்கு முன் இந்த வழியை முயன்று பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

காப்பீடு வேண்டாம் என்று நானே சொல்லும் சூழ்நிலைகளும் உண்டு. எளிய, இலகுவான பொருட்களால் கட்டப்பட்ட வீடு, சில மாத வருமானத்தில் மறுபடி எழுப்பிவிடலாம், சொத்தின் மதிப்பு பெரும்பாலும் நிலத்தில்தான் இருக்கிறது என்றால், பிரீமியத்துக்குச் செலவிடும் தொகையைக் கூரையை உறுதிப்படுத்தச் செலவிடுவது நல்லது. நிலத்தின் மதிப்பை எந்த வீட்டுக் காப்பீடும் ஏற்பதில்லை. அதுபோலவே, உங்கள் இடத்துக்கு மிகப் பெரிய ஆபத்து எதுவோ அதையே விலக்கிவைத்திருக்கும் பாலிசியை மலிவாகக் கிடைக்கிறது என்பதற்காக வாங்குவதும் வீண். அடுத்த கேள்வி இதைப் பற்றியதே.

கேள்வி: எங்கள் பாலிசியில் ‘புயல்’ என்று தெளிவாக எழுதியிருக்கிறது. ஆனால் புயலோடு வந்த வெள்ளம் வீட்டுக்குள் இடுப்பளவு புகுந்ததற்கு இழப்பீடு கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். புயல் இல்லாமல் அந்த வெள்ளம் எப்படி வந்திருக்கும்? இது நியாயமா?

பதில்: உங்கள் கடிதத்தைப் படித்தபோது மிகுந்த வேதனை ஏற்பட்டது. புயல் காப்பீட்டில் இதைவிடக் கொடிய பள்ளம் வேறில்லை. நூற்றுக்கணக்கான குடும்பங்கள் இதில் விழுந்த பிறகே அதன் ஆழத்தை அறிகின்றன. வீட்டுக்காரருக்குப் புயல் என்பது ஒரே நிகழ்ச்சி. பாலிசியை எழுதுபவருக்கோ அது காற்று, கூரை வழியாக இறங்கும் மழை, ஆறும் வடிகாலும் பெருகி வரும் வெள்ளம், கடலே எழுந்து உள்ளே வரும் புயல் அலை என நான்கு தனித்தனி நிகழ்ச்சிகள். இவற்றில் முதலாவதை ஏற்று, கடைசி இரண்டையும் விலக்கிவைக்கும் பாலிசிகள் உலகெங்கும் உள்ளன. இரண்டாவதிலும் ஒரு நிபந்தனை இருக்கும்: காற்று கூரையிலோ சுவரிலோ ஒரு திறப்பை உண்டாக்கி, அதன் வழியாக மழை உள்ளே வந்திருந்தால் இழப்பீடு உண்டு, ஏற்கெனவே இருந்த விரிசல் வழியாகக் கசிந்திருந்தால் கிடையாது.

2005-இல் கத்ரீனா சூறாவளி அமெரிக்காவின் வளைகுடாக் கரையைத் தாக்கியபோது, மிசிசிப்பி கரையின் சில இடங்களில் கடல் எட்டு மீட்டருக்கும் மேல் எழுந்தது. புயல் ஓய்ந்த பிறகு பல மனைகளில் அடித்தளம் மட்டுமே மிஞ்சியிருந்தது. வீட்டைக் கொண்டுபோனது காற்றா, தண்ணீரா என்ற வழக்கு ஆண்டுக்கணக்கில் நீதிமன்றங்களில் நடந்தது. காற்று என்றால் வீட்டுக் காப்பீட்டு நிறுவனம் கொடுக்க வேண்டும். தண்ணீர் என்றால் வேண்டியதில்லை. சில பாலிசிகளில் இன்னும் கடுமையான ஒரு வாசகம் இருந்தது: ஏற்கப்பட்ட காரணமும் விலக்கப்பட்ட காரணமும் சேர்ந்து ஒரு சேதத்தை உண்டாக்கினால் முழுச் சேதமும் விலக்கப்பட்டதாகவே கருதப்படும் என்பதே அது. அந்நாட்டில் வெள்ளத்துக்கென்று 1968-இல் தொடங்கப்பட்ட தேசிய வெள்ளக் காப்பீட்டுத் திட்டம் தனியாக இருக்கிறது. அதையும் வாங்கியிருந்தவர்களின் நிலை ஓரளவு பரவாயில்லை. பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 2017-இல் ஹார்வி சூறாவளி டெக்சஸில் சில இடங்களில் 1,500 மில்லிமீட்டருக்கும் அதிகமான மழையைக் கொட்டியது. அப்போதும் ஹூஸ்டன் பகுதியில் வெள்ளம் புகுந்த வீடுகளில் பெரும்பாலானவற்றுக்கு வெள்ளக் காப்பீடு இருக்கவில்லை.

வேறு விதமான ஏற்பாடுகளும் உள்ளன. இந்தியாவில் 2021 ஏப்ரல் முதல் எல்லாப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களும் வழங்க வேண்டிய ‘பாரத் கிருஹ ரக்ஷா’ என்ற பொதுப் பாலிசியில் புயல், சூறாவளி, வெள்ளம், நீர் சூழ்தல் ஆகிய அனைத்தும் ஒரே பாலிசிக்குள் அடங்குகின்றன. ஆஸ்திரேலியாவில் 2022 ஜூலையில் தொடங்கப்பட்ட அரசின் சூறாவளி மறுகாப்பீட்டுத் திட்டம், காற்றையும் சூறாவளியால் விளையும் வெள்ளத்தையும் சேர்த்தே பார்க்கிறது. ஆனால் சூறாவளி முடிந்ததாக அறிவிக்கப்பட்டு 48 மணி நேரம் வரை ஏற்படும் சேதமே அதில் கணக்கிடப்படுகிறது. ஆற்றின் மேற்பகுதியில் பெய்த மழை மூன்றாம் நாள் உங்கள் வாசலுக்கு வந்தால் அது வேறு கணக்கு.

ஆகவே புயல் என்ற சொல் இருக்கிறதா என்று பாலிசியில் தேடுவதோடு நிறுத்தக் கூடாது. வெள்ளம், நீர் சூழ்தல், புயல் அலை, கடல் அரிப்பு, நிலச்சரிவு ஆகிய ஒவ்வொன்றும் எங்கே எழுதப்பட்டிருக்கிறது, ஏற்கப்பட்ட பகுதியிலா விலக்கப்பட்ட பகுதியிலா, எந்தச் சொற்களால் விளக்கப்பட்டிருக்கிறது என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். புயலின் வகை எண்ணை வைத்து அமைதியடைந்துவிடவும் கூடாது. சஃபிர்–சிம்ப்சன் அளவுகோலின் ஒன்று முதல் ஐந்து வரையிலான எண்கள் காற்றின் வேகத்தை மட்டுமே சொல்கின்றன. மழையையோ கடல் எழுச்சியையோ சொல்வதில்லை. தாழ்வான இடத்தில் இருப்பவருக்கு வகை ஒன்று என்று பெயர் பெற்ற புயலே வீட்டை மூழ்கடிக்கலாம். உங்கள் மனை கடல் மட்டத்திலிருந்து எத்தனை மீட்டர் உயரத்தில் இருக்கிறது, முந்தைய வெள்ளங்களில் அந்தத் தெருவில் தண்ணீர் எதுவரை நின்றது என்பவற்றை அறிந்த பிறகே, காற்றுக்கான பாதுகாப்பா தண்ணீருக்கான பாதுகாப்பா எது முதலில் வேண்டும் என்று முடிவு செய்ய முடியும்.

உங்கள் கோரிக்கையைப் பொறுத்தவரை, மறுப்பை எழுத்தில், எந்த விதியின் கீழ் மறுக்கப்பட்டது என்ற குறிப்புடன் கேட்டு வாங்குங்கள். வெள்ளம் வருவதற்கு முன்பே காற்று கூரையையோ சன்னலையோ சேதப்படுத்தியிருந்தால், அந்தப் பகுதிக்கான இழப்பைத் தனியாகக் கோரும் உரிமை பெரும்பாலான பாலிசிகளில் உண்டு. எந்த நேரத்தில் எது நடந்தது என்பதற்கான படங்களும் அண்டை வீட்டாரின் வாக்குமூலமும் இங்கே பெரிதும் உதவும்.

கேள்வி: வீட்டை எவ்வளவுக்குக் காப்பீடு செய்ய வேண்டும்? வாங்கிய விலைக்கா, இன்றைய விற்பனை விலைக்கா?

பதில்: இரண்டுக்கும் இல்லை. விற்பனை விலையில் நிலம் சேர்ந்திருக்கிறது. நிலத்தைப் புயல் கொண்டுபோகாது. இன்று அதே அளவு வீட்டை, அதே தரத்தில், அடித்தளத்திலிருந்து மறுபடி கட்ட என்ன செலவாகுமோ அதுவே காப்பீட்டுத் தொகையாக இருக்க வேண்டும். இடிபாடுகளை அகற்றும் செலவு, பொறியாளர் கட்டணம், பழைய வீடு கட்டப்பட்ட காலத்தில் இல்லாத புதிய கட்டட விதிகளுக்கு ஏற்பக் கட்டுவதால் கூடும் செலவு ஆகியவை உள்ளே இருக்கின்றனவா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். பெரும்புயலுக்குப் பிறகு ஊரே ஒரே நேரத்தில் கொத்தனாரையும் தச்சரையும் தேடுவதால் கூலியும் பொருள் விலையும் திடீரென்று ஏறும். புயலுக்கு முந்தைய விலையில் கணக்கிட்ட தொகை அப்போது போதாமல் போகும்.

பிரீமியத்தை மிச்சப்படுத்தக் காப்பீட்டுத் தொகையைக் குறைத்துக் காட்டுவது மிகவும் பரவலான, மிகவும் விலை கொடுக்க வேண்டிய தவறு. மறுபடி கட்ட 100 பங்கு செலவாகும் வீட்டை 60 பங்குக்கு மட்டும் காப்பீடு செய்திருக்கிறீர்கள் என்று கொள்வோம். புயலில் 40 பங்கு சேதம். 40 என்பது 60-க்குள்தானே இருக்கிறது, முழுவதும் கிடைக்கும் என்றே எவரும் நினைப்பார்கள். விகிதக் குறைப்பு விதி உள்ள பாலிசியில் கிடைப்பது 40-இல் நூற்றுக்கு 60 பங்கு, அதாவது 24 மட்டுமே; மீதி 16-ஐ நீங்களே ஏற்றுக்கொண்டதாக நிறுவனம் கருதும். மேலே குறிப்பிட்ட இந்தியப் பாலிசியில் இந்தக் குறைப்பு கைவிடப்பட்டிருக்கிறது. காப்பீட்டுத் தொகையும் ஆண்டுக்கு 10 விழுக்காடு தானாகவே உயர்கிறது. இவை இரண்டும் நல்ல சீர்திருத்தங்கள். உங்கள் பாலிசியில் அவ்வாறு இருக்கிறதா என்று பார்க்க வேண்டியது உங்கள் பொறுப்பு.

இதோடு சேர்த்து, இழப்பீடு புதிதாகக் கட்டும் செலவின் அடிப்படையிலா, தேய்மானம் கழித்தா என்றும் பாருங்கள். வீட்டின் மற்ற பகுதிகளுக்குப் புதிய மதிப்பும், கூரைக்கு மட்டும் அதன் வயதுக்கு ஏற்பத் தேய்மானம் கழித்த மதிப்பும் தரும் பாலிசிகள் உள்ளன. புயலில் முதலில் போவது கூரை என்பதால் அந்த ஒரு வரி மிகப் பெரிய வித்தியாசத்தை உண்டாக்கும்.

கேள்வி: எங்கள் பாலிசியில் ‘சூறாவளிக்கு 5 விழுக்காடு’ என்று ஒரு வரி இருக்கிறது. சேதத்தில் 5 விழுக்காட்டை நாங்கள் ஏற்க வேண்டும் என்றுதானே பொருள்?

பதில்: பெரும்பாலும் அப்படியல்ல, அது காப்பீட்டுத் தொகையின் 5 விழுக்காடு. ஆண்ட்ரூ சூறாவளிக்குப் பிறகு அமெரிக்கக் கரையோர மாநிலங்களில் பரவிய முறை இது. புளோரிடாவில் 2, 5, 10 விழுக்காடு என்ற தெரிவுகள் வழக்கமாகத் தரப்படுகின்றன. 100 பங்குக்குக் காப்பீடு செய்த வீட்டில் 4 பங்கு சேதம் என்றால், உங்களுக்கு எதுவும் கிடைக்காது. 30 பங்கு சேதம் என்றால் 25 கிடைக்கும். முதற்பதிலில் சொன்ன சேமிப்பு நிதி இந்த 5 பங்கைத் தாங்குமாறு இருக்க வேண்டும். ஒரே பருவத்தில் இரண்டு புயல் வந்தால் அது ஒரு முறை கழிக்கப்படுமா, இரு முறையா என்பதையும் எழுத்தில் கேட்டு வையுங்கள்.

கேள்வி: எங்களுடையது உறுதியான கான்கிரீட் வீடு. காப்பீட்டுக்குச் செலவிடுவதைவிட வீட்டைப் பலப்படுத்துவதே அறிவுடைமை என்கிறார் என் கணவர். உங்கள் கருத்து என்ன?

பதில்: உங்கள் கணவர் சொல்வதில் பெரும் உண்மை இருக்கிறது; அதை முழு மனத்தோடு ஏற்கிறேன். 1960-இல் அலிக்ஸ், கரோல் என்ற இரு சூறாவளிகள் அடுத்தடுத்து மொரீஷியஸைத் தாக்கி மரவீடுகளையும் தகரக் கூரைகளையும் அழித்த பிறகு, அந்தத் தீவு படிப்படியாகக் கான்கிரீட் வீடுகளுக்கு மாறியது. காற்றின் விசை அதன் வேகத்தின் இருமடியாக வளர்வதால், மணிக்கு 100 கிலோமீட்டர் காற்றைத் தாங்கும் கூரை 200 கிலோமீட்டர் காற்றில் நான்கு மடங்கு விசையைச் சந்திக்கிறது. 1974 டிசம்பர் 25 அன்று ஆஸ்திரேலியாவின் டார்வின் நகரைத் தாக்கிய டிரேசி சூறாவளி, அங்கிருந்த வீடுகளில் பெரும்பாலானவற்றைக் குடியிருக்க முடியாதபடி ஆக்கியது. பின்னர் ஆராய்ந்த பொறியாளர்கள் கண்டது முக்கியமானது. கூரைத் தகடுகள் ஒரே அடியில் பிய்ந்துபோகவில்லை. காற்று மணிக்கணக்கில் விட்டுவிட்டு இழுத்ததில், ஆணியைச் சுற்றியிருந்த தகடு களைத்து விரிசல் விட்டுக் கழன்றது. கூரை போனதும் அதைப் பிடித்து நின்ற சுவர்களும் சாய்ந்தன. அதன் விளைவாகக் கட்டட விதிகள் மாறின. 1977-இல் டவுன்ஸ்வில்லில் சூறாவளிச் சோதனை நிலையம் ஒன்றும் நிறுவப்பட்டது.

எனவே கூரைச் சட்டத்தைச் சுவரோடும் சுவரை அடித்தளத்தோடும் இரும்புப் பட்டைகளால் தொடர்ச்சியாகப் பிணைப்பதும், சன்னல்களுக்குக் காப்புப் பலகை பொருத்துவதும் எந்தப் பாலிசியையும்விட முதலில் செய்ய வேண்டியவை. காற்றை எதிர்கொள்ளும் பக்கத்தில் ஒரு சன்னல் உடைந்தாலும் உள்ளே புகும் காற்று கூரையைக் கீழிருந்து தள்ள, வெளிக்காற்று மேலிருந்து உறிஞ்ச, இரண்டு விசைகளும் சேர்ந்து கூரையைப் பெயர்த்துவிடும். அழுத்தத்தைச் சமப்படுத்தச் சன்னலைத் திறந்துவைக்க வேண்டும் என்று இன்றும் சிலர் அறிவுரை சொல்கிறார்கள். அது முற்றிலும் தவறு, உயிருக்கே ஆபத்து.

ஆனாலும், கான்கிரீட் காற்றுக்குத்தான் அரண், தண்ணீருக்கு அல்ல. வெள்ளம் புகுந்த கான்கிரீட் வீடு நின்றுகொண்டிருக்கும். அதற்குள் இருக்கும் மின்கம்பி இணைப்புகள், கதவுகள், மரச்சாமான்கள், இயந்திரங்கள் எதுவும் மிஞ்சாது. அலை அடித்தளத்தின் கீழிருக்கும் மணலை அரித்துச் சென்றால் வீடே சரியும். ஆகையால் உங்கள் கணவர் பலப்படுத்தும் வேலையைச் செய்யட்டும். செய்ததற்கான சான்றுகளையும் படங்களையும் காட்டிப் பிரீமியத்தில் தள்ளுபடி கேளுங்கள், பல நாடுகளில் அது கிடைக்கிறது. காற்றுக்கான டிடக்டிபிளை உயர்த்தி, தண்ணீருக்கும் உடைமைகளுக்குமான பாதுகாப்பை வலுவாக வைத்துக்கொள்வது உங்கள் வீட்டுக்குப் பொருத்தமாக இருக்கும்.

கேள்வி: நாங்கள் வாடகை வீட்டில் இருக்கிறோம். எங்களுக்கு இதில் ஏதும் வேலை உண்டா?

பதில்: உண்டு. உரிமையாளரின் பாலிசி கட்டடத்தை மட்டுமே காக்கும். உங்கள் உடைமைகளுக்கு அதில் இடமில்லை. உடைமைகளுக்கு மட்டுமான பாலிசியை வாடகைதாரரும் வாங்கலாம், பிரீமியமும் மிகக் குறைவு. வீடு பழுதுபார்க்கப்படும் காலத்தில் வேறிடத்தில் தங்கும் செலவு அதில் அடங்குமா என்று கேளுங்கள். அடுக்குமாடிக் குடியிருப்பில் சொந்த வீடு உள்ளவர்களுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்: சங்கம் எடுத்திருக்கும் பாலிசி எங்கே முடிகிறது, உங்கள் பொறுப்பு எந்தச் சுவரிலிருந்து தொடங்குகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்.

கேள்வி: பெரும்புயலுக்குப் பிறகு நிறுவனமே மூடப்பட்டுவிட்டால் என்ன செய்வது? காற்றின் வேகத்தை அளந்து உடனே பணம் தரும் புதிய வகைக் காப்பீடு இருக்கிறதாமே, அது நல்லதா?

பதில்: உங்கள் அச்சத்துக்கு ஆதாரம் இருக்கிறது. ஆண்ட்ரூவுக்குப் பிறகு மட்டுமல்ல, 2021 முதல் 2023 வரையிலும் புளோரிடாவில் பல நிறுவனங்கள் திவாலாயின. அங்கே 1993-இல் மாநில அரசு ஒரு சூறாவளிப் பேரிடர் நிதியத்தையும், 2002-இல் தனியார் நிறுவனங்கள் ஏற்க மறுப்பவர்களுக்காகச் சிட்டிசன்ஸ் என்ற காப்பீட்டு அமைப்பையும் உருவாக்க நேர்ந்தது. பாலிசி வாங்கும் முன், அந்த நிறுவனத்தின் நிதிநிலைத் தரமதிப்பீடு என்ன, அதன் வீடுகள் அனைத்தும் ஒரே கடற்கரையில்தான் குவிந்திருக்கின்றனவா, நிறுவனம் வீழ்ந்தால் பாலிசிதாரரைக் காக்கும் உத்தரவாத நிதி உங்கள் நாட்டில் உண்டா என்று விசாரியுங்கள். ஒரே கரையில் மட்டும் வணிகம் செய்யும் சிறு நிறுவனத்தின் மலிவான பிரீமியத்தை நான் ஏற்கத் தயங்குவேன்.

நீங்கள் கேட்ட புதிய வகையில், சேதத்தை யாரும் வந்து மதிப்பிடுவதில்லை. குறிப்பிட்ட இடத்தில் காற்றின் வேகமோ மழையளவோ முன்பே ஒப்புக்கொண்ட எல்லையைத் தாண்டினால் முன்பே ஒப்புக்கொண்ட தொகை வந்துவிடும். 2004-இல் இவான் சூறாவளி கிரெனடா தீவின் வீடுகளில் ஏறத்தாழ பத்தில் ஒன்பதைச் சேதப்படுத்திய பிறகு, கரீபியன் நாடுகள் 2007-இல் இத்தகைய கூட்டு நிதியம் ஒன்றை அமைத்தன. அது அரசுகளுக்குப் பதினான்கு நாட்களுக்குள் பணம் தருகிறது. விரைவு இதன் பெரும் பலம். ஆனால் உங்கள் வீடு இடிந்திருந்தும் அளவீட்டில் காற்று எல்லையைத் தொடவில்லை என்றால் எதுவும் கிடைக்காது. ஆகவே முதல் சில வாரச் செலவுக்கான துணையாக இதைக் கருதலாம். வழக்கமான வீட்டுக் காப்பீட்டுக்கு மாற்றாக அல்ல.

கேள்வி: புயலுக்கு முன்னும் பின்னும் இழப்பீட்டுக்காகச் செய்ய வேண்டியவை எவை?

பதில்: வானிலை அறிவிப்பைக் கேட்ட பிறகு பாலிசி வாங்கலாம் என்று காத்திருக்காதீர்கள். புயல் கரையை நெருங்கும்போது புதிய பாலிசி தருவதையும் தொகையை உயர்த்துவதையும் நிறுவனங்கள் நிறுத்திவிடும். அமெரிக்க வெள்ளக் காப்பீட்டில் வாங்கிய நாளிலிருந்து பொதுவாக 30 நாட்கள் கழித்தே பாதுகாப்பு தொடங்குகிறது. பருவம் தொடங்கும் முன் ஒவ்வோர் அறையையும், அலமாரிகளைத் திறந்தபடியே, கூரையின் மேற்புறத்தையும் சேர்த்துக் காணொளியாக எடுத்து, வீட்டுக்கு வெளியே இருக்கும் ஓரிடத்தில் சேமித்துவையுங்கள். கூரை நல்ல நிலையில் இருந்தது என்பதற்கு அது ஒன்றே சாட்சி. பழைய கசிவு, பராமரிப்புக் குறை என்று மறுக்கப்படும்போது அதைக் காட்டலாம். வீட்டைப் பூட்டிவிட்டு மாதக்கணக்கில் வெளியூரில் இருப்பவர்கள், ஆளில்லாத வீட்டுக்குப் பாதுகாப்பு எத்தனை நாட்களுக்கு என்ற விதியையும் பார்த்துவிடுங்கள்.

புயல் ஓய்ந்ததும், மின்சாரம் துண்டிக்கப்பட்டிருப்பதை உறுதி செய்துகொண்டு உள்ளே சென்று, எதையும் நகர்த்தும் முன் படம் எடுங்கள். சுவரில் தண்ணீர் நின்ற கோட்டை அளவுகோல் வைத்துப் படமெடுங்கள். நிறுவனத்துக்கு அன்றே தகவல் கொடுத்து, அவர்கள் தரும் பதிவு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். சேதம் மேலும் பெருகாமல் தடுப்பது பாலிசிதாரரின் கடமை என்று ஏறக்குறைய எல்லாப் பாலிசிகளும் சொல்கின்றன. ஆகவே திறந்துகிடக்கும் கூரைமேல் தார்ப்பாய் போடுங்கள், அதற்கான ரசீதை வைத்திருங்கள், அந்தச் செலவையும் கோரலாம். நிரந்தரப் பழுதுபார்ப்பை மட்டும், சேதத்தை மதிப்பிடும் சர்வேயர் வந்து பார்க்கும்வரை தள்ளிவையுங்கள். நனைந்து அழுகும் பொருட்களை உடல்நலத்துக்காக அகற்றித்தான் ஆக வேண்டும் என்றால், ஒவ்வொன்றையும் படமெடுத்து, மெத்தையிலும் திரையிலும் ஒரு சிறு துண்டை வெட்டி உறையில் போட்டு, பெயரும் தேதியும் எழுதி, சர்வேயர் வரும்வரை எடுத்துவையுங்கள்.